பழைய மருத்துவப் பதிவுகளைப் பெறுவது எப்படி? இழப்பீடு கோரும் மூத்தோருக்கான வழிகாட்டி

ஒருவர் கப்பல் பட்டறையில் பல ஆண்டுகள் உழைத்தவர். அண்மைக்காலமாக அவருக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டி வைக்கிறார். பேரப்பிள்ளை பேசுவது புரியவில்லை. "வயதானால் அப்படித்தான்" என்று வீட்டில் சொல்கிறார்கள். செவித்திறனைச் சோதித்த மருத்துவரோ, "இது வேலையிட இரைச்சலால் வந்திருக்கலாம். வேலையில் இருந்தபோது எடுத்த காதுப் பரிசோதனை முடிவுகள் உங்களிடம் இருக்கின்றனவா?" என்று கேட்கிறார்.

அந்த முடிவுகள் எங்கே இருக்கும்? யாரிடம் கேட்பது? கேட்டால் தருவார்களா?

உங்களுக்கும் இந்த நிலை வரலாம். வேலையிடத்தில் ஏற்பட்ட காயம், சாலை விபத்து, காப்புறுதிக் கோரிக்கை, சிகிச்சையில் நேர்ந்ததாக நீங்கள் கருதும் தவறு என எதற்காக இழப்பீடு கோரினாலும் பழைய மருத்துவப் பதிவுகள் தேவைப்படும். அவற்றை எப்படிப் பெறலாம் என்பதை இந்தக் கையேடு படிப்படியாக விளக்குகிறது.

பழைய பதிவு ஏன் முக்கியம்?

இழப்பீடு கோருபவர் பொதுவாக மூன்று விஷயங்களைக் காட்ட வேண்டும். உடலில் பாதிப்பு இருக்கிறது. அது எப்போது தொடங்கியது. அதற்குக் காரணம் என்ன. முதலாவதை இன்றைய மருத்துவரே சொல்லிவிடுவார். மற்ற இரண்டுக்கும் பழைய பதிவுகள்தான் சாட்சி.

செவித்திறனையே எடுத்துக்கொள்வோம். வயதினால் வரும் கேள்விக் குறைபாடு, கீச்சென்ற உயர்ந்த ஒலிகளில் தொடங்கிப் படிப்படியாகக் கூடும். இரைச்சலால் வரும் குறைபாடு பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸ் அளவிலுள்ள ஒலிகளில் முதலில் தென்படும். காதுப் பரிசோதனை வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு பள்ளம்போல் விழுந்திருக்கும். வயது ஏற ஏற இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிடும். 70 வயதில் எடுத்த ஒரே ஒரு வரைபடத்தை வைத்து இரண்டையும் பிரித்தறிவது மருத்துவருக்கும் கடினம். 45 வயதில் எடுத்த வரைபடம் கையில் இருந்தால் அந்தப் பள்ளம் அப்போதே இருந்ததா என்பது தெரிந்துவிடும்.

நெஞ்சு எக்ஸ்ரேயும் அப்படித்தான். கருங்கல் தூசியாலோ ஆஸ்பெஸ்டாஸ் இழைகளாலோ வரும் நுரையீரல் நோய், அவற்றைச் சுவாசித்துப் பல ஆண்டுகள் கழித்தே வெளிப்படக்கூடும். பழைய எக்ஸ்ரே ஒன்று இருந்தால் நோய் எப்போது தொடங்கி எப்படி வளர்ந்தது என்பதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

முதலில் காலக்கெடுவைக் கவனியுங்கள்

பதிவுகள் எல்லாம் கைக்கு வந்த பிறகு கோரிக்கை வைக்கலாம் என்று பலர் காத்திருக்கிறார்கள். அப்படிக் காத்திருந்தே சிலர் தங்கள் வாய்ப்பை இழந்துவிடுகிறார்கள்.

வேலைக் காய இழப்பீட்டுச் சட்டத்தின்கீழ் கோருவதாக இருந்தால், விபத்து நடந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் கோரிக்கை வைக்க வேண்டும். இந்தச் சட்டத்தின்கீழ் முதலாளியின் தவறை நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. இரைச்சலால் ஏற்படும் செவிட்டுத்தன்மை, சிலிக்கா தூசியாலும் ஆஸ்பெஸ்டாஸாலும் வரும் நுரையீரல் நோய்கள் போன்றவை இச்சட்டத்தின் தொழில் நோய்ப் பட்டியலில் உள்ளன. நோய் வேலையில் இருந்தபோதோ, வேலையை விட்டபின் குறிப்பிட்ட காலத்துக்குள்ளோ ஏற்பட்டிருக்க வேண்டும். அந்தக் காலம் நோய்க்கு நோய் மாறும். ஆகவே, ஓய்வுபெற்றவர்கள் தொழில் நோய் என்ற சந்தேகம் வந்த உடனேயே மனிதவள அமைச்சிடம் விசாரிப்பது நல்லது.

உடற்காயத்துக்காக நீதிமன்றத்தில் வழக்குத் தொடுப்பதாக இருந்தால், பொதுவான காலவரம்பு 3 ஆண்டுகள். பாதிப்பு தாமதமாகத் தெரியவந்தால், அது தெரியவந்த நாளிலிருந்து அந்த 3 ஆண்டுகளைக் கணக்கிட இடமுண்டு. எனினும் மிகப் பழைய நிகழ்வுகளுக்கு இறுதி எல்லை உண்டு. எந்த நாளிலிருந்து கணக்குத் தொடங்குகிறது என்பதை வழக்கறிஞரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள்.

ஒரே காயத்துக்கு வேலைக் காய இழப்பீட்டையும் நீதிமன்ற இழப்பீட்டையும் சேர்த்துப் பெற முடியாது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எதில் இறங்குவது என்று முடிவு செய்யுமுன் ஆலோசனை பெறுங்கள்.

நினைவில் கொள்ளுங்கள்: கோரிக்கை ஒரு பக்கம், பதிவுத் தேடல் மறுபக்கம். இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்குங்கள்.

பதிவு வேறு, அறிக்கை வேறு

மருந்தக முகப்பில் "என் ரிப்போர்ட் வேண்டும்" என்று மட்டும் கேட்டால் குழப்பம் ஏற்படலாம். உங்களுக்கு எது தேவை என்பதைத் தெரிந்துகொண்டு கேளுங்கள்.

மருத்துவப் பதிவு: சிகிச்சையின்போது அவ்வப்போது எழுதப்பட்டவை. மருத்துவரின் குறிப்புகள், இரத்தப் பரிசோதனை முடிவுகள், எக்ஸ்ரே மற்றும் ஸ்கேன் படங்கள், காதுப் பரிசோதனை வரைபடங்கள், அறுவை சிகிச்சைக் குறிப்புகள், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போது தரப்படும் சுருக்கம் ஆகியவை இதில் அடங்கும். நீங்கள் பெறுவது இவற்றின் நகல்.

மருத்துவ அறிக்கை: உங்கள் வேண்டுகோளின் பேரில், பழைய பதிவுகளைப் படித்துப் பார்த்து மருத்துவர் புதிதாக எழுதித் தருவது. நோய் என்ன, எப்போது சிகிச்சைக்கு வந்தீர்கள், இப்போதைய நிலை என்ன, காரணம் எதுவாக இருக்கலாம் என்பவற்றை இது சொல்லும். இதற்குக் கட்டணம் உண்டு. கைக்குக் கிடைக்கச் சில வாரங்கள் ஆகலாம்.

இழப்பீட்டுக் கோரிக்கைக்குப் பெரும்பாலும் இரண்டுமே தேவைப்படும். முதலில் பதிவுகளின் நகலைப் பெறுங்கள். அவற்றை வழக்கறிஞரிடமோ கோரிக்கையைக் கவனிக்கும் அதிகாரியிடமோ காட்டி, அறிக்கையில் எந்தக் கேள்விகளுக்குப் பதில் வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதன் பிறகு அறிக்கைக்கு விண்ணப்பித்தால், ஒரே அறிக்கைக்கு இரண்டு முறை பணம் கட்டும் நிலை வராது.

உங்கள் உரிமை என்ன?

பதிவேடு மருத்துவமனைக்கோ மருந்தகத்துக்கோ உரியது. ஆனால் அதில் இருப்பது உங்களைப் பற்றிய தகவல். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ஓர் அமைப்பு உங்களைப் பற்றி வைத்திருக்கும் தகவல்களைப் பார்க்கக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. 30 நாட்களுக்குள் தர இயலாவிட்டால், எப்போது தர முடியும் என்பதை அந்த 30 நாட்களுக்குள் அமைப்பு உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். நியாயமான கட்டணம் கேட்கலாம்.

சில சூழல்களில் மறுக்கவும் இடமுண்டு. தகவலைத் தருவது உங்களுக்கோ மற்றவருக்கோ கடுமையான தீங்கு விளைவிக்கும் என்றாலோ, அதில் வேறொருவரின் தனிப்பட்ட விவரம் வெளிப்படும் என்றாலோ அமைப்பு மறுக்கலாம். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரும்படி கேளுங்கள். அந்தக் கடிதம் உங்கள் வழக்கறிஞருக்கு உதவும். தேவைப்பட்டால், ஆவணங்களைத் தரும்படி நீதிமன்றம் உத்தரவிடவும் முடியும்.

பதிவில் உங்கள் பெயரோ பிறந்த தேதியோ தவறாக இருந்தால் திருத்தும்படி கேட்கலாம். ஆனால் மருத்துவர் எழுதிய தொழில்முறைக் கருத்து உங்களுக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக அதை மாற்றும்படி கேட்க முடியாது. வேறு கருத்து வேண்டுமென்றால் இன்னொரு மருத்துவரை நாடலாம்.

எங்கே தேடுவது?

முதலில் உங்கள் வீட்டில் தேடுங்கள். பழைய மருத்துவ விடுப்புச் சான்றிதழ், மருந்துப் பை, சந்திப்பு அட்டை, ரசீது, எக்ஸ்ரே உறை என எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். அவற்றில் மருந்தகத்தின் பெயரும் தேதியும் உங்கள் பதிவு எண்ணும் இருக்கும். அந்த எண் இருந்தால் பழைய கோப்பைத் தேடி எடுப்பது எளிது.

அடுத்து, ஒரு தாளில் ஆண்டு வாரியாக எழுதுங்கள். எந்த ஆண்டில் எங்கே வேலை செய்தீர்கள், என்ன வேலை, அப்போது எந்த மருத்துவரிடம் போனீர்கள்? துணைவியாரையும் பிள்ளைகளையும் பழைய வேலை நண்பர்களையும் கேளுங்கள். "மூத்தவள் திருமணத்துக்கு முந்தைய ஆண்டு" என்பதுபோல் நினைவுக்கு வந்தாலும் போதும். அதை வைத்து ஆண்டைக் கண்டுபிடித்துவிடலாம். முதலாளிகளின் பெயர் மறந்துபோயிருந்தால், உங்கள் மத்திய சேம நிதிப் பதிவுகள் உதவக்கூடும்.

பிறகு, கீழ்க்கண்ட இடங்களில் விசாரியுங்கள்.

• ஹெல்த்ஹப்: சிங்பாஸ் மூலம் நுழைந்து சில பரிசோதனை முடிவுகளையும் சந்திப்பு விவரங்களையும் பார்க்கலாம். இது உங்கள் முழுப் பதிவு அன்று. எங்கெங்கே சிகிச்சை பெற்றீர்கள் என்பதை நினைவுபடுத்திக்கொள்ள நல்ல தொடக்கம்.

• பொது மருத்துவமனைகளும் பலதுறை மருந்தகங்களும்: மருத்துவப் பதிவு அல்லது மருத்துவ அறிக்கைப் பிரிவில் விண்ணப்பிக்கலாம்.

• குடியிருப்புப் பேட்டை மருந்தகம்: நீங்கள் வழக்கமாகச் செல்லும் மருத்துவர் உங்களைப் பல ஆண்டுகளாக அறிந்தவராக இருக்கலாம். "காது இரைகிறது" என்று 20 ஆண்டுகளுக்கு முன் நீங்கள் சொன்னதை அவர் ஒரு வரியில் குறித்து வைத்திருந்தால் அதற்கும் மதிப்புண்டு.

• நிறுவன மருத்துவர்: அதிக இரைச்சல், சிலிக்கா தூசி, ஆஸ்பெஸ்டாஸ் போன்றவற்றுக்கு ஆட்படும் ஊழியர்களுக்குக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது சட்டம். நிறுவனத்துக்கு வண்டி வந்து காதுப் பரிசோதனை செய்தார்களா, நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தார்களா என்று நினைத்துப் பாருங்கள். அந்த முடிவுகள் பழைய முதலாளியிடமோ அப்போதைய மருத்துவரிடமோ இருக்கக்கூடும். பலருக்கு இது நினைவுக்கு வருவதே இல்லை.

• காப்புறுதி நிறுவனம்: முன்பு ஏதேனும் கோரிக்கை வைத்திருந்தால், அதனுடன் அனுப்பிய மருத்துவ ஆவணங்களின் நகல் அவர்களிடம் இருக்கலாம்.

எவ்வளவு காலம் பதிவுகளை வைத்திருப்பார்கள்?

பொதுவாக, பெரியவர்களின் வெளிநோயாளிச் சிகிச்சைக்கான தாள் பதிவுகள் 6 ஆண்டுகளும், மருத்துவமனையில் தங்கிப் பெற்ற சிகிச்சைக்கான தாள் பதிவுகள் 15 ஆண்டுகளும் பாதுகாக்கப்படும். கணினிப் பதிவுகள் நோயாளியின் ஆயுட்காலமும் அதற்குப் பின் 6 ஆண்டுகளும் பாதுகாக்கப்படும். ஆகவே, 1980களிலும் 1990களிலும் தாளில் எழுதப்பட்ட கோப்புகள் முறைப்படி அழிக்கப்பட்டிருக்கலாம். ஆனாலும் கேட்காமல் விட்டுவிடாதீர்கள். சில மருத்துவர்கள் தேவையான காலத்தைத் தாண்டியும் கோப்புகளை வைத்திருக்கிறார்கள். சில தாள் கோப்புகள் கணினிக்கு மாற்றப்பட்டிருக்கும்.

மருத்துவமனை இப்போது இல்லையா? அதன் பணிகளை ஏற்றுக்கொண்ட மருத்துவமனையைக் கேளுங்கள். எடுத்துக்காட்டாக, 1990களில் தோ பாயோ மருத்துவமனையும் பழைய சாங்கி மருத்துவமனையும் ஒன்றிணைந்து சாங்கி பொது மருத்துவமனை ஆயின.

மருந்தகம் மூடப்பட்டுவிட்டதா? அதே கடையில் வேறு மருத்துவர் இருந்தால், கோப்புகள் அவரிடம் ஒப்படைக்கப்பட்டனவா என்று கேளுங்கள். சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தின் இணையப் பதிவேட்டில் மருத்துவரின் பெயரைத் தேடினால், அவர் இப்போது எங்கே பணிபுரிகிறார் என்பது தெரியவரும். பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ சில நிமிடங்களில் தேடித் தந்துவிடுவார்கள்.

எப்படிக் கேட்பது?

நேரில் சென்றாலும் எழுத்தில் கேளுங்கள். மருத்துவமனைகளில் இதற்கென்று படிவம் உண்டு. சிறிய மருந்தகங்களில் ஒரு கடிதம் போதும். ஆங்கிலத்தில் எழுதக் குடும்பத்தாரின் உதவியையோ அருகிலுள்ள துடிப்பாக மூப்படையும் நிலையத்தின் உதவியையோ நாடலாம். கடிதத்தின் உள்ளடக்கம் இப்படி இருக்கலாம்:

"நான் ........ ஆண்டு முதல் ........ ஆண்டு வரை உங்கள் மருந்தகத்தில் சிகிச்சை பெற்றேன். இழப்பீட்டுக் கோரிக்கைக்காக, என் செவித்திறன் தொடர்பான மருத்துவக் குறிப்புகள், பரிசோதனை வரைபடங்கள், மருத்துவ விடுப்புச் சான்றிதழ்கள் ஆகியவற்றின் நகல் எனக்குத் தேவை. கோரிக்கைக்குக் காலக்கெடு இருப்பதால் விரைவில் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். கட்டண விவரத்தை முன்கூட்டியே தெரிவியுங்கள். பதிவுகள் இல்லையென்றால், அதை எழுத்தில் உறுதிப்படுத்தித் தாருங்கள்."

முழுப்பெயர், அடையாள அட்டை எண், பிறந்த தேதி, தொலைபேசி எண், அக்காலத்தில் குடியிருந்த முகவரி ஆகியவற்றைக் குறிப்பிட்டுக் கையெழுத்திடுங்கள். முன்பு வேறு விதமாகப் பெயர் எழுதப்பட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். நம்மில் பலருக்குத் தந்தை பெயரின் எழுத்து முன்னும் பின்னுமாக இருக்கும். அதனாலேயே கோப்பு கிடைக்காமல் போவதுண்டு.

கடிதத்தின் நகலை வைத்துக்கொள்ளுங்கள். கொடுத்த தேதியையும் பெற்றுக்கொண்ட ஊழியரின் பெயரையும் குறித்து வையுங்கள். இரண்டு வாரங்களில் பதில் வராவிட்டால் தொலைபேசியில் அழைத்துப் பணிவாக நினைவூட்டுங்கள். மருத்துவரிடம் பதிவு கேட்பது அவர்மீது குறை சொல்வது ஆகாது. இப்படிக் கேட்கப்படுவது அவர்களுக்குப் பழக்கமானதே. தயங்க வேண்டாம்.

பதிவு கிடைக்கவில்லை என்றால்?

பதிவு இல்லை என்பதாலேயே கோரிக்கை முடிந்துவிடாது. "பதிவுகள் அழிக்கப்பட்டுவிட்டன" என்று மருந்தகம் தரும் கடிதத்தைப் பத்திரப்படுத்துங்கள். நீங்கள் முயன்றீர்கள் என்பதற்கு அது ஆதாரம்.

அதன்பின் வேறு சான்றுகளைத் திரட்டுங்கள். உங்களுடன் வேலை செய்தவர்கள், எந்த இயந்திரத்தின் அருகே எத்தனை மணி நேரம் நின்றீர்கள், காது அடைப்பான் கொடுத்தார்களா என்பதை எழுதித் தரலாம். பழைய சம்பளச் சீட்டு, நியமனக் கடிதம், வேலையிடத்தில் எடுத்த நிழற்படம் ஆகியவை நீங்கள் செய்த வேலையைக் காட்டும். இப்போது உங்களுக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவரிடம் உங்கள் வேலை வரலாற்றை முழுமையாகச் சொல்லுங்கள். அவர் எழுதும் அறிக்கையில் அதுவும் இடம்பெறும். நினைவில் இல்லாததை ஊகித்துச் சொல்லாதீர்கள். "சரியாக நினைவில்லை" என்று சொல்வதில் தவறில்லை. பின்னர் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தால் உண்மையும் நம்பப்படாமல் போகலாம்.

மற்றவருக்காகக் கேட்பதாக இருந்தால்

நோயாளி சுயநினைவோடு இருந்தால், அவர் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதமும் இருவரின் அடையாள ஆவணங்களும் தேவை. கணவன், மனைவி, பிள்ளை என்ற உறவு மட்டும் போதாது.

மறதி நோய் போன்ற காரணத்தால் அவரால் முடிவெடுக்க இயலாவிட்டால், எல்பிஏ எனப்படும் நீடித்த அதிகாரப் பத்திரத்தில் நியமிக்கப்பட்டவரோ நீதிமன்றம் நியமித்தவரோ கேட்கலாம்.

நோயாளி மறைந்துவிட்டால், உயில் நிறைவேற்றுபவர் அல்லது சொத்து நிர்வாகியாக நீதிமன்றம் ஏற்றவர் கேட்பது வழக்கம். இறப்புச் சான்றிதழும் உறவைக் காட்டும் ஆவணமும் தயாராக இருக்கட்டும். தொழில் நோயால் கணவரை இழந்த மனைவிக்கும் இழப்பீடு கோரும் வழி இருக்கலாம். அவருக்கும் காலக்கெடு உண்டு என்பதால் தாமதிக்க வேண்டாம்.

எச்சரிக்கையாக இருங்கள்

• வெற்றுத் தாளிலோ நிரப்பாத படிவத்திலோ கையெழுத்திடாதீர்கள். ஒப்புதல் படிவத்தில் எந்த நோய், எந்த ஆண்டுகள் என்று குறிப்பிடுங்கள். காது தொடர்பான கோரிக்கைக்கு உங்கள் வாழ்நாள் மருத்துவ வரலாறு முழுவதும் எதிர்த்தரப்புக்குப் போக வேண்டியதில்லை.

• அசல் ஆவணங்களைக் கொடுக்காதீர்கள். நகலைக் கொடுங்கள். அசல் கேட்கப்பட்டால் ரசீது பெறுங்கள். எந்த ஆவணத்திலும் எழுதவோ அடிக்கவோ கூடாது.

• "நான் பணம் வாங்கித் தருகிறேன், கிடைப்பதில் இவ்வளவு சதவீதம் எனக்கு" என்று யாராவது அணுகினால் விலகிச் செல்லுங்கள். நீதிமன்ற வழக்கில் கிடைக்கும் இழப்பீட்டில் பங்கு கேட்டு வழக்கறிஞர் ஒப்பந்தம் செய்ய சிங்கப்பூரில் அனுமதியில்லை.

• சிங்பாஸ் மறைச்சொல்லை யாரிடமும் சொல்லாதீர்கள். சந்தேகம் இருந்தால் ஸ்கேம்ஷீல்டு உதவி எண் 1799ஐ அழையுங்கள்.

யாரிடம் உதவி கேட்கலாம்?

வேலைக் காயம், தொழில் நோய் பற்றி மனிதவள அமைச்சிடம் கேளுங்கள். வழக்கறிஞருக்குச் செலவழிக்க வசதியில்லாத சிங்கப்பூரர்களும் நிரந்தரவாசிகளும் சட்ட அமைச்சின் சட்ட உதவிப் பிரிவை நாடலாம். அங்கே வருமானம், சொத்து விவரங்கள் பரிசீலிக்கப்படும். இலவசச் சட்ட ஆலோசனை நிலையங்களும் உண்டு. பதிவு தர ஓர் அமைப்பு காரணமின்றி மறுத்தால் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்திடம் தெரிவிக்கலாம்.

இன்றே செய்யக்கூடியவை

1. வீட்டில் உள்ள மருத்துவத் தாள்கள் அனைத்தையும் ஒரே கோப்பில் சேருங்கள்.
2. வேலை செய்த இடங்களையும் பார்த்த மருத்துவர்களையும் ஆண்டு வாரியாக எழுதுங்கள்.
3. உங்கள் கோரிக்கைக்கான கடைசி நாளைக் கேட்டறிந்து, நாட்காட்டியில் குறியுங்கள்.
4. ஒவ்வொரு மருத்துவருக்கும் தனித்தனிக் கடிதம் கொடுத்து, நகலை வைத்துக்கொள்ளுங்கள்.
5. கட்டிய கட்டணங்களுக்கு ரசீது பெற்றுப் பத்திரப்படுத்துங்கள்.
6. நம்பிக்கையான குடும்பத்தார் ஒருவரிடம் இந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று சொல்லி வையுங்கள்.

வயதால் வந்ததா, வேலையால் வந்ததா என்று வீட்டில் விவாதித்துத் தீர்க்க முடியாது. அதை மருத்துவர் சொல்லட்டும். அவருக்குத் தேவையான பழைய தாள்களைத் தேடிக் கொடுப்பது உங்களால் முடிந்த வேலை. அதை இந்த வாரமே தொடங்குங்கள்.